தகரத்து அம்மா புறப்பட்டாள்

மழை பெய்தால் கேஷானி காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள்.

அவளுடைய அம்மா நேசராணிக்கு அது துளியும் பிடிக்காது. "சப்பாத்தோட படுத்தா பாயி என்னத்துக்கு ஆகும்? கழட்டு புள்ள" என்பார். கேஷானி கழற்றுவாள். அம்மா கண்ணை மூடியதும் மறுபடி மாட்டிக்கொள்வாள். ஓட வேண்டி வந்தால் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

அவளுடைய பயம் வெறும் பயம் இல்லை. லுணுகலைக்கு மேலே, மலைச் சரிவில் இருந்தது அவர்களுடைய தேயிலைத் தோட்டம். அங்கே மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு நீண்ட வீட்டு வரிசைகள் இருந்தன. போன வருட மழையில் மலை சரிந்து மேல் லயத்தின்மீது விழுந்தது. ஆறு வீடுகள் மண்ணுக்குள் போயின. நான்கு பேர் திரும்பி வரவே இல்லை.

கேஷானியின் வீடு கீழ் லயத்தில் இருந்ததால் அவள் தப்பினாள். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பத்து வயதுப் பிள்ளை கேட்கக்கூடாத சத்தம் அது.

அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். வீட்டில் அம்மா, கேஷானி, ஐந்து வயதுத் தம்பி றொனி. மூன்று பேரும் ஒரே பாயில் படுப்பார்கள். கூரையில் மழை விழத் தொடங்கினால் றொனி அக்காவின் கையைப் பிடித்துக்கொள்வான். அக்கா யாருடைய கையைப் பிடித்துக்கொள்வாள்? அதை யாரும் கேட்கவில்லை.

வெயில் காலம் வந்தபோது பதுளையிலிருந்து நிலுக்ஷி அக்கா வந்தார். அவர் ஒரு சிற்பி. மலையையே செதுக்கிவிடுவார் போலப் பேசுவார். ஆனால் இரத்தம் உறிஞ்சும் ஓர் அட்டையைக் கண்டால் போதும், ஐயோ அம்மா என்று அலறிக்கொண்டு பாறைமேல் ஏறிவிடுவார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவரை முதல் நாளே பிடித்துப்போயிற்று.

"இப்ப உலகம் முழுக்க மழையும் வெயிலும் தாறுமாறாப் போச்சு" என்றார் நிலுக்ஷி அக்கா. "ஒரு நாட்டுல வெள்ளம், ஒரு நாட்டுல காட்டுத்தீ, நம்ம பக்கம் மண்சரிவு. மத்த நாடுகள்ல சிற்பிகள் இதைப் பத்தி எல்லாரும் பாக்கிற எடத்துல சிலை வைக்கிறாங்க. நான் ஒங்க மலையில ஒண்ணு வைக்கப் போறேன்."

"யாரோட சிலை அக்கா? மந்திரியோடதா?" என்று கேட்டான் ஜனுஷன். அவன் கேஷானியின் வகுப்பு.

"இல்லடா. மண்ணுக்குள்ள போன வீட்டுத் தகரத்துல செய்யப்போற ஒரு பொம்பளை."

பிள்ளைகள் மேல் லயம் இருந்த இடத்திலிருந்து தகரம் பொறுக்கி வந்தார்கள். நசுங்கிய சட்டி, வளைந்த யன்னல் கம்பி, பாதிக் கொழுந்துக் கூடை எல்லாம் வந்து சேர்ந்தன. உள்ளே மூங்கிலைக் கட்டி, வெளியே தகரத்தை வெட்டி மடித்து ஆணி அடித்தார் நிலுக்ஷி அக்கா. இருபது நாளில் கீழ் லயத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் ஒரு பெண் நின்றாள்.

ஆள் உயரத்தைவிடச் சற்று உயரம். இடுப்பில் ஒரு தகரக் குழந்தை. ஒரு கால் முன்னால் எடுத்து வைத்திருந்தது. வலது கை நீண்டு, கீழே ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்தைக் காட்டியது.

"ஆபத்து வந்தா எங்க போகணும்?" என்று கேட்டார் நிலுக்ஷி அக்கா.

"பள்ளிக்கூடத்துக்கு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"அதைத்தான் இவளும் சொல்றா. இவ இங்க நிக்கப்போறவ இல்ல. கிளம்புறவ."

சிலையை நிரந்தரமாக நடச் சிமெந்து வேண்டும். லொறி வரும் பாதையோ இன்னும் உடைந்து கிடந்தது. அதனால் காலைச் சுற்றிக் கல்லை அடுக்கிவிட்டு, பாதை சரியானதும் வருகிறேன் என்று சொல்லி அவர் ஊருக்குப் போய்விட்டார்.

அவர் போன மறு வாரம் பக்கத்து வீட்டுப் பூவம்மா பெரியம்மா கொழுந்தெடுக்கப் போகும் வழியில் ஒரு செவ்வந்திப் பூவைச் சிலையின் காலடியில் வைத்தார். அதற்கடுத்த வாரம் சிலையின் நெற்றியில் சந்தனப் பொட்டு வந்தது. பிறகு சிவப்புத் துணி வந்தது. கோயில் திருவிழாவில் தப்பு மேளம் அடிக்கும் தம்பையா மாமா, யாரும் கேட்காமலே பூசாரி வேலையை எடுத்துக்கொண்டு கற்பூரம் காட்டினார்.

கிறிஸ்தவர்களான வேதக்கார வீடுகளும் சும்மா இருக்கவில்லை. "இடுப்புல கொழந்தை இருக்கு, பாருங்க. இது மாதாவேதான்" என்று சொல்லிச் செபமாலை போட்டார்கள். அப்படிச் சொன்னவர்களில் கேஷானியின் அம்மாவும் ஒருவர். சண்டை வரும் என்று பார்த்தால் வரவில்லை. காலையில் கற்பூரம், மாலையில் மெழுகுதிரி என்று இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள். தகரத்து அம்மாவுக்கு நல்ல கவனிப்பு.

அதோடு நின்றிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆவணி மாதம் இரண்டு நாள் விடாமல் மழை கொட்டியது. நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில் மண் சரிந்தது. இங்கே ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தீங்களா!" என்றார் தம்பையா மாமா. "கையை நீட்டி மலையைத் தடுத்துப்புட்டா. அம்மா இருக்கையில நமக்கென்ன பயம்?"

கேஷானி சிலையின் கையைக் காட்டினாள். "மாமா, கை மலைப் பக்கம் நீட்டல. பள்ளிக்கூடத்துப் பக்கந்தான் நீட்டியிருக்கு."

"சாமி கையை நீ அளந்து பாக்குறியா? போ புள்ள, போயி படி."

அவள் போனாள். ஆனால் படிப்பு ஓடவில்லை. ஓட வேண்டும் என்று சொல்லத்தான் ஒரு சிலை வைத்தார்கள். இப்போது அந்தச் சிலை இருக்கிற தைரியத்தில் ஒருவரும் ஓடமாட்டார்கள் போலிருந்தது. அதை நினைக்க நினைக்க அவளுக்கு முன்பைவிட அதிகமாகப் பயம் வந்தது.

ஐப்பசி பிறந்தது. மழையும் பிறந்தது. மூன்றாவது நாள் மத்தியானம் கிராம சேவகர் ஒலிபெருக்கியோடு வந்தார். "சிவப்பு எச்சரிக்கை வந்திருக்கு! எல்லாரும் இப்பவே பள்ளிக்கூடத்துக்கு வாங்க!"

ஒரு கதவும் அசையவில்லை. "போன தடவ மூணு நாளு சிமெந்துத் தரையில கெடந்தோம். திரும்பி வந்து பாத்தா கோழியைக் காணோம்" என்றார் பூவம்மா பெரியம்மா. "எங்களுக்கு அம்மா இருக்கா. நீங்க போயிட்டு வாங்க ஐயா."

கிராம சேவகருக்கு இன்னும் ஐந்து லயங்கள் இருந்தன. தலையில் அடித்துக்கொண்டு ஓடினார்.

கேஷானி தண்ணீர்க் கேனை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். மலையிலிருந்து வரும் ஊற்று நீர், ஒரு குழாய் வழியாக அந்தப் பீலியில்தான் கொட்டும். எந்த மழையிலும் அது கண்ணாடியாக இருக்கும். இன்று செம்மண் நிறத்தில் கொட்டியது. அவள் கேனை வைக்கத் தயங்கி நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மெலிந்தது, சொட்டியது, நின்றது.

வானம் பிளந்து கொட்டுகிறது, பீலியில் ஒரு சொட்டு இல்லை!

பள்ளிக்கூடச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். ஊற்றுத் தண்ணீர் கலங்கினாலோ திடீரென்று நின்றாலோ மலை நகரத் தொடங்கிவிட்டது என்று அதில் எழுதியிருந்தது. கேஷானிக்கு அந்தப் படம் மனப்பாடம். கேனை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா! பீலித் தண்ணி நின்னுபோச்சு! வாங்கம்மா, போயிருவோம்!"

நேசராணி ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார். "மேல எங்கயாச்சும் கொழா கழண்டிருக்கும்."

"இல்லம்மா. மண்ணாத் தண்ணி வந்துச்சு, அப்புறம் நின்னுச்சு. மலை நகருதும்மா!"

"போன தடவ அந்தத் தரையில கெடந்து றொனிக்கு எட்டு நாளு காய்ச்சல். மறந்துட்டியா? மாதா இருக்கா கேஷானி. ஒரு செபம் சொல்லிட்டு அடுப்பை ஊது, போ."

கேஷானி அழுதாள். கெஞ்சினாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். கையெல்லாம் மா ஒட்டியதுதான் மிச்சம்.

அவளுடைய காலில் சப்பாத்து இருந்தது. றொனியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். ஆனால் அம்மா? அம்மாவை இங்கே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் நின்று என்ன செய்வது? அவள் வெளியே வந்து ஜனுஷன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் ஏழு பிள்ளைகள் மழையில் நனைந்தபடி தகரத்து அம்மாவின் முன்னால் நின்றார்கள்.

"தள்ளி விட்டுருவோமா?" என்று கேட்டான் ஜனுஷன். "அம்மா இல்லன்னா எல்லாரும் பயந்து ஓடிருவாங்க."

கேஷானி யோசித்தாள். சிலை விழுந்தால் பெரியவர்கள் ஓடமாட்டார்கள். ஐயோ என்று மேலே ஏறி வந்து, தூக்கி நிறுத்தி, அழுதுகொண்டு இங்கேயேதான் நிற்பார்கள். பிறகு எப்போது, எதற்காக இந்த லயத்தில் ஒருவர்கூட வீட்டில் இருக்கமாட்டார்?

திருவிழா அன்று. சாமி தேரில் கிளம்பிவிட்டால் காய்ச்சல்காரர்கூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்னால் போவார். மாதா ஊர்வலமும் அப்படித்தான். சாமி தெருவில் போகும்போது வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது இந்தத் தோட்டத்தில் கேள்விப்படாத விஷயம்.

"தள்ள வேணாம். தூக்குவோம்" என்றாள் கேஷானி. "பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போவோம்."

"நாமளா? சாமியையா? தம்பையா மாமா தோலை உரிச்சிருவாரு!"

"உரிக்கட்டும். பள்ளிக்கூடத்துல வச்சு உரிக்கட்டும்."

அவர்கள் கற்களைப் புரட்டினார்கள். கடைசிக் கல்லைத் தள்ளியபோது கேஷானி குனிந்து பார்த்தாள். அடியில் தரை வெடித்திருந்தது. கையை விட்டால் முழங்கை வரை போகும் அளவுக்கு வெடிப்பு. அது தேயிலைக்குள் புகுந்து நேராக லயத்தை நோக்கி ஓடியிருந்தது.

இரண்டு மூங்கில் கழிகளைக் கட்டி, சிலையை நிமிர்த்தித் தோளில் ஏற்றினார்கள். உள்ளே வெறும் மூங்கில்தான், ஆனாலும் கனத்தது. தகரம் கடகடத்தது. பாதி வழியில் ஜனுஷன் வழுக்கி விழ, தகரத்து அம்மாவின் மூக்கு ஒரு தேயிலைச் செடியில் போய் மோதியது.

"மன்னிச்சுக்க அம்மா, மன்னிச்சுக்க" என்று அவன் புலம்பிக்கொண்டே எழுந்தான்.

லயத்து வாசலுக்கு வந்ததும் பூவம்மா பெரியம்மா பார்த்துவிட்டார். "ஐயோ! அம்மாவை எங்கடா தூக்கிட்டுப் போறீங்க?"

அந்த அலறலில் எல்லாக் கதவும் திறந்தது. தம்பையா மாமா பனியனோடு பாய்ந்து வந்தார். "நிப்பாட்டுங்க! எவன் தொடச் சொன்னது? நல்லது கெட்டது தெரியாத பசங்க!"

சாமி கனவில் வந்து சொன்னது என்று ஒரு பொய் சொன்னால் போதும், நம்பிவிடுவார்கள். கேஷானிக்கு அது தெரியும். ஆனால் வாயில் அந்தப் பொய் வரவில்லை.

"பள்ளிக்கூடத்துக்குப் போறோம் மாமா. பீலித் தண்ணி நின்னுபோச்சு. அம்மா நின்ன எடத்துல நெலம் வெடிச்சிருக்கு. நீங்க என்னைய நம்ப வேணாம். அவ கையைப் பாருங்க. வச்ச நாள்ல இருந்து அங்கதான் போகணும்னு காட்டிட்டு நிக்கிறா. நாமதான் விடல."

தம்பையா மாமா நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளும் அவர் சிலையை முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டுதான் கும்பிட்டிருந்தார். பக்கவாட்டில் பார்ப்பது இதுதான் முதல்முறை. முன்னால் எடுத்து வைத்த கால். நீட்டிய கை. அந்தக் கை போன திசையில், ஓடைக்கு அப்பால், பள்ளிக்கூடம்.

அவர் முகம் மெல்ல வெளுத்தது.

"சரி, கிளம்புறான்னே வச்சுக்குவோம்" என்றார் அவர். "அதுக்கு இப்படியா? கொட்டு இல்லாம, கொடை இல்லாம! சாமி வெளியில போனா ஒரு மொறை இருக்குல்ல? நில்லுங்கடா அங்கயே!"

உள்ளே ஓடி, தப்பையும் ஒரு கிழிந்த குடையையும் எடுத்துக்கொண்டு வந்தார். குடை சாமிக்கு. அவர் நனைந்தார். தப்பு ஈரத்தில் தொப்தொப் என்றுதான் ஒலித்தது. ஆனாலும் அது தப்புச் சத்தம். அடுத்த நிமிடம் பெரியவர்கள் கழிக்குத் தோள் கொடுத்தார்கள். யாரோ விளக்கு எடுத்தார். யாரோ "மரியே வாழ்க" என்று தொடங்கினார். கைக்குழந்தைகள், கிழவர்கள், நாய்கள் என்று எல்லாம் பாதையில் இறங்கின.

நேசராணி மட்டும் வாசலில் நின்றார்.

"அம்மா!" கேஷானி ஓடி வந்தாள். "மாதாவும் போறா. இனி இங்க யாரு இருக்கா?"

நேசராணி மகளைப் பார்த்தார். பிறகு மேலே, தேயிலைக்கு நடுவில் வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். மா ஒட்டிய கையோடு றொனியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். கதவைக்கூடச் சாத்தவில்லை.

ஓடைப் பாலத்தைக் கடக்கும்போது தண்ணீர் பலகையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. கேஷானி ஒவ்வொருவராகக் கடப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியாக வந்தவர் பூவம்மா பெரியம்மா. ஒரு கையில் கோழி, இன்னொரு கையில் இன்னொரு கோழி. "இந்த வாட்டி நான் யாரையும் நம்பி விட்டுட்டு வர்றதா இல்ல" என்றார்.

பள்ளிக்கூட வராந்தாவில் சிலையை இறக்கினார்கள். தப்பு நின்றது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

கேஷானிக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. றொனியின் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்தினாள். ஓடைக்கு அந்தப் பக்கம் மலை அசைந்தது. தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே கீழே வழுக்கின. தகரத்து அம்மா நின்ற இடம் போயிற்று. லயத்தின் மேல் மண் ஏறியது. முதல் வீடு போயிற்று, இரண்டாம் வீடு போயிற்று, மூன்றும் நான்கும் போயின.

இரண்டாம் வீடு கேஷானியுடையது.

பிறகு ஆசிரியர் ஒருவர் பெயர்ப் பட்டியலை எடுத்து லயத்து ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லாப் பெயருக்கும் ஒரு குரல் பதில் சொன்னது. "தம்பையா" என்று கூப்பிட்டபோது மட்டும் பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், அவர் தப்பை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் நிலுக்ஷி அக்கா நடந்தே வந்து சேர்ந்தார். காலில் மூன்று அட்டைகள் தொங்கின. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. வராந்தாவில் சந்தனமும் செபமாலையுமாக நின்ற சிலையைக் கண்டதும் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இதை யாரு இங்க கொண்டு வந்தது?"

எல்லாரும் கேஷானியைக் காட்டினார்கள்.

"மூக்கு கோணிப்போச்சு அக்கா" என்றாள் கேஷானி தயங்கியபடி. "ஜனுஷன் வழுக்கிட்டான்."

"இருக்கட்டும்" என்றார் நிலுக்ஷி அக்கா. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "அந்த மூக்கை நான் தொடவே மாட்டேன்."

நேசராணி ஒரு மூலையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். வீடு போயிற்று, பாய் போயிற்று, அப்பாவின் நல்ல சட்டை போயிற்று. இரண்டு பிள்ளைகளும் அவர் பக்கத்தில் இருந்தார்கள். அவர் கேஷானியை இழுத்து மடியில் போட்டு, சிக்குப் பிடித்த தலையைக் கோதினார்.

"அடுத்த தடவ நீ வாயால கூப்புடு, போதும். நான் வந்துர்றேன்" என்றார் அம்மா. "இம்மாம் பெரிய செலையத் தூக்கிட்டு வர வேணாம்."